தோட்டத்துச் சீதபேதியும் நகரத்துப் புற்றுநோயும்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரங்களில் காடழித்து இரப்பர் நட்ட தமிழருக்கு, மலத்தோடு இரத்தம் போவது புதிய செய்தியன்று. சீதபேதி என்பர், சூட்டினால் வந்த மூலம் என்பர். தோட்டத்து டிரெஸர் மருந்து கொடுப்பார். மறுநாட்காலை பால் வெட்டப் போய்விடுவர். அவ்விளக்கம் அக்காலத்திற்குப் பெரும்பாலும் பொருந்தியது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் சீதபேதியும் பலரை இளமையிலேயே மாய்த்தன. பெருங்குடற் புற்றுநோய்க்குரியதாகக் கருதப்பட்ட முதுமையை அவருட் பலர் கண்டதே இல்லை.

கடற்பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூரில் புற்றுநோய்ப் பதிவகம் 1968 முதல் நோயாளரைப் பதிந்து வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில், அங்குள்ள சீனரிடையே இந்நோய் விரைந்து பெருகியதை அதன் ஏடுகள் காட்டின. அதே 1968-இல், அமெரிக்காவிற் குடியேறிய ஜப்பானியரை ஆராய்ந்த ஹென்செல், குரிஹாரா இருவரும், தாய்நாட்டில் அரிதாயிருந்த இந்நோய் குடியேறியோரிடம் மிகுந்ததை வெளியிட்டனர். இரத்த வழி மாறவில்லை, வாழ்க்கை மாறியது. குடியேறி வாழும் எந்த இனத்தாரும் கருதிப் பார்க்க வேண்டிய முடிவு இது.

ஜொகூரிலும் வாழ்க்கை மாறியது. பாசிர் கூடாங்கில் 1977-இல் துறைமுகம் எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. தோட்டப் பிள்ளைகள் தொழிற்சாலைகளில் இரவு வேலைக்குச் சென்றனர். கீரையும் பருப்பும் குறைந்து, இனிப்புப் பானமும் பொரித்த கோழியும் பெருகின.

நோயும் இளையோரை நாடத் தொடங்கியது. 1950-ஐ ஒட்டிப் பிறந்தவரைவிட 1990-ஐ ஒட்டிப் பிறந்தவருக்குப் பெருங்குடற் புற்றுநோய் வாய்ப்பு இருமடங்கு, மலக்குடற் புற்றுநோய் வாய்ப்பு நான்மடங்கு என 2017-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டது. பிறந்த ஆண்டே கணக்கிற் சேர்ந்துவிட்டது! 2025-இல், 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் கட்டிகளை ஆராய்ந்தோர், குடல் நுண்ணுயிர் சில சுரக்கும் கோலிபாக்டின் என்னும் நஞ்சின் தழும்பை இளம் நோயாளரிடமே மிகுதியாகக் கண்டனர். அத்தழும்பு குழந்தைப் பருவத்திலேயே விழுந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. ஆயினும் காரணம் இஃதொன்றே எனத் துணிவதற்கில்லை. உடற்பருமனும் உணவும் இன்னும் ஆராயப்படுகின்றன.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018-இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45 ஆகக் குறைத்தது. மலேசியாவின் 2017-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி, குறியேதும் இல்லாதாருக்கு 50 வயது முதலே மலப் பரிசோதனையைச் சொன்னது. இரத்தம் கண்டவருக்கு அவ்வயது வரம்பு பொருந்தாது. எவ்வயதினராயினும் குடலை உள்நோக்கிப் பார்த்தல் வேண்டும். மலேசியாவிற் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் நிலையிலேயே மருத்துவரிடம் வந்து சேர்கின்றனர். முப்பத்தைந்து வயதுக்காரர் இரத்தம் கண்டால், தோட்டம் போய் அரை நூற்றாண்டாகியும், வீட்டில் முதலில் எழும் சொல் ‘சூடு’ என்பதே.