ராமானுஜனின் வயிறு

தலைப்பைப் பார்த்துக் கணக்குக் கட்டுரை என்று ஓடிவிடாதீர்கள். இதில் ஒரு சூத்திரம்கூட வராது.

எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம். சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் மரச்சீனிக் கிழங்குமாக வளர்ந்த உடம்பு. சென்னைக்குப் படிக்க வந்த மூன்றாம் மாதமே வயிறு தகராறு செய்யத் தொடங்கிவிட்டது. "பெரிய நோய் ஒன்றுமில்லை, குடல் கொஞ்சம் மென்மையானது. காரம், எண்ணெய் குறைத்து நேரத்துக்குச் சாப்பிடு" என்றார் டாக்டர். இந்த ஊரில் அந்த நேரத்துக்குச் சாப்பிடுவதுதான் பெரும்பாடு! அப்படி ஒருநாள் மோர்சாதத்தோடு அறையில் படுத்துக்கொண்டு ராபர்ட் கனிகல் எழுதிய ராமானுஜன் வரலாற்றைப் படித்தேன். அதில் என் கண்ணில் பட்டதெல்லாம் சாப்பாடுதான்.

நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த கதை இது: ராமானுஜன் இங்கிலாந்து போனார், சைவப் பிடிவாதத்தால் சரியாகச் சாப்பிடவில்லை, குளிர் தாங்காமல் காசநோய் வந்து இறந்தார். இதில் பாதிதான் சரி என்று தோன்றுகிறது. ஏனென்றால் அவர் வயிறு முதலில் கெட்டது இங்கிலாந்தில் இல்லை, நம்ம மதராஸில்!

1906-ல் பச்சையப்பன் கல்லூரியில் படிக்கக் கும்பகோணத்திலிருந்து சென்னை வந்தார். வந்த கொஞ்ச நாளில் கடுமையான சீதபேதி. படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பிப் பல வாரங்கள் கிடந்தார். அன்றைய சென்னையின் குடிநீரை நினைத்தால் இதில் ஆச்சரியமில்லை. 1872 முதல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்து, வடிகட்டாமலே குழாய்களில் போனது. மணல் வடிகட்டிகள் அமைந்தது 1914-ல். ராமானுஜன் கப்பல் ஏறியதும் அதே 1914, மார்ச் 17 அன்று.

சைவம் மட்டும்தான் காரணம் என்றால் காந்தியை என்ன சொல்வது? அவர் 1888-ல் லண்டன் போய், தெருத் தெருவாக நடந்து ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்து வயிறாரச் சாப்பிட்டவர். ஆனால் அவர் இருந்தது லண்டன் மாநகரம். ராமானுஜன் இருந்த கேம்பிரிட்ஜ் சிறிய ஊர். கல்லூரிச் சாப்பாட்டில் மிருகக் கொழுப்பு கலந்திருக்குமோ என்ற பயத்தில் அவர் அங்கே சாப்பிடுவதே இல்லை. அறையில் தானே சமைத்தார், புளியும் மற்றதும் ஊரிலிருந்து தபாலில் வரவேண்டும். உலகப்போர் தொடங்கிய பிறகு அதற்கும் தட்டுப்பாடு. கணக்கில் மூழ்கிவிட்டால் நாளைக்கு ஒருவேளை, சில சமயம் அதுவும் இல்லை. (மாதத் தேர்வுக்கு நாமும் இதைத்தான் செய்கிறோம், ஆனால் தியரம் ஒன்றும் வருவதில்லை!)

ஒரு சம்பவம் என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. கேம்பிரிட்ஜில் சாட்டர்ஜி என்ற நண்பர் திருமணம் நிச்சயமானதைக் கொண்டாட, ராமானுஜன் தன் அறையில் விருந்து வைத்தார். தானே ரசம் வைத்துப் பரிமாறினார். விருந்தினர் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு மூன்றாம் முறை போதும் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்! நாலு நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. இதை வேடிக்கைக் கதையாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுப் பழகியவனுக்கு, தன் ரசத்தை ஒருவர் வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விடுதியில் இருக்கிற எனக்குப் புரிகிறது.

1917-ல் படுத்துவிட்டார். டாக்டர்கள் முதலில் இரைப்பைப் புண் என்றார்கள், பிறகு காசநோய் என்றார்கள். சானடோரியம் மாற்றி சானடோரியம். காசநோய்க்கு அன்றைய வைத்தியமே குளிர்ந்த காற்றும் நிறையச் சாப்பாடும்தான், அந்தச் சாப்பாடுதான் இவருக்கு இறங்கவில்லை. 1918-ல் மேட்லாக் சானடோரியத்தில் இருந்தபோது ராமலிங்கம் என்ற தமிழ்ப் பொறியாளர் நேரில் போய்ப் பார்த்து, சாப்பாட்டு நிலைமை பற்றிப் பேராசிரியர் ஹார்டிக்கே கவலையோடு எழுதினார்.

1994-ல் டாக்டர் யங் என்பவர் பழைய குறிப்புகளை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டார். அது காசநோய் அல்ல, சீதபேதியை உண்டாக்கும் அமீபா கல்லீரலில் பல வருடம் பதுங்கியிருந்து கிளப்பிய நோய் என்பது அவர் கருத்து. இதை இனி நிரூபிக்க வழியில்லை. ஆனால் அது சரியென்றால்? கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் 1912-லேயே அமீபா நோய்க்கு எமெட்டின் ஊசி போட்டுக் குணம் கண்டிருந்தார். மருந்து இருந்தது, வியாதி எதுவென்றுதான் பிடிபடவில்லை. எல்லாரும் நெஞ்சைப் பார்த்தார்கள், வயிற்றைப் பார்க்கவில்லை.

1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில், 32 வயதில் காலமானார். அந்தக் கடைசி வருடத்தில் அவருக்குச் சாப்பாடு கொடுத்தது மனைவி ஜானகி அம்மாள். நேரா நேரத்துக்குச் சாதமும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்ததையும், வலி என்றபோது காலுக்கும் நெஞ்சுக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததையும் அவர் முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களையும் அதுவரை பத்திரமாக வைத்திருந்தாராம்.