மணிப்ரவாளமும் கணினி எழுத்தும்

1966இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாடு கட்டுரை வாசிக்கும் அவையாக இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடோ விசைப்பலகையைத் தரப்படுத்த வழிவகுத்தது. ஜ, ஷ, ஸ, ஹ முதலிய எழுத்துகளும் அதில் இடம்பெற்றன. தமிழ் நூல்களுக்கு அவை போதும். வடக்குத்திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈட்டுக்குப் போதா. மணிப்ரவாளத்துக்குக் கிரந்தம் முழுதும் வேண்டும். அதுவோ யூனிகோடில் 2014இல்தான் தனித்தொகுதியாக இடம்பெற்றது. ‘பலம்’ என்று தமிழெழுத்தில் பதித்தால் வலிமையா, பேறா என்பது எழுத்தால் விளங்காது. கிரந்தத்தில் இரண்டும் வெவ்வேறு. (இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாமே எனின், எழுத்தை மட்டும் ஒப்பிடும் தேடல் இடம் நோக்குவதில்லை.) காலட்சேபத்தில் ஆசார்யர் சொல்லக் கேட்டவர்க்கு இவ்வையம் எழாது. ஆகவே, வித்வத் சதஸ்ஸுகள் வாக்யார்த்தத்தோடு, மின்னேட்டுப் பாடத்தைச் செவியால் ஒத்துப்பார்க்கும் அமர்வையும் வைத்துக்கொள்ளுதல் தகும். அதற்குரிய செவியுடையோர் இன்னும் அவற்றில் அமர்ந்திருக்கின்றனர்.