குதிகால் முள்ளின் கதை

எங்கள் பூலாம்பாடிப் பக்கம் குதிகால் வலியைக் குதிகால் வாதம் என்பார்கள். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் சுருக்கென்று குத்தும். நாலு எட்டு நடந்தால் குறையும். வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வரும். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பில் முள் வளர்ந்திருக்காம், அறுத்துத்தான் எடுக்கணுமோ?" என்று கலங்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. நான் வைத்தியன் இல்லை, கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் இந்த முள் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

முள் என்ற பெயர் மிகப் பழையது. சுசுருத சம்ஹிதையில் இந்த நோய்க்கு வாதகண்டகம் என்று பெயர். கண்டகம் என்றால் முள். பாதத்தைச் சமமில்லாமல் ஊன்றுவதால் வருவது என்கிறது அந்நூல். நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியிலும் குதியெலும்பு வளர்ச்சிக்கு 'எபீன்', அதாவது முள் என்றுதான் பெயர்.

1895-இல் ஜெர்மனியில் ரோன்ட்கன் எக்ஸ்-ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். ஐந்தே ஆண்டில், 1900-இல், பிளெட்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் குதியெலும்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கூரான வளர்ச்சியை விவரித்தார். அதுவரை உவமையாக இருந்த முள் கண்ணுக்கே தெரிந்துவிட்டது. பழி முழுவதும் அதன்மேல் விழுந்தது. மேகவெட்டையால் முளைக்கிறது என்றுகூடச் சில மருத்துவர்கள் நம்பினார்கள். அறுத்தும் எடுத்தார்கள்.

பின்னால்தான் உண்மை தெரிந்தது. வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. வலியால் துடிக்கும் சிலருக்கு முள்ளே இல்லை. பெரும்பாலும் கோளாறு இருப்பது குதியெலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த நார்ப்பட்டையில். நெடுநேரம் நிற்பதும், உடல் எடையும், வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நடப்பதும் அதை நைந்துபோகச் செய்கின்றன.

2003-இல் அமெரிக்காவில் பத்து மாதத்துக்கு மேல் வலியில் இருந்த 101 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் நல்ல பலன் தந்த பயிற்சி மிக எளிது. படுக்கையை விட்டு இறங்குமுன் வலிக்கும் காலை மறுகால்மேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக இழுத்து, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுவது நல்லது. பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே ஓராண்டுக்குள் குணமாகிவிடுகிறது.

சூடான செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதிப்பது நம் பாட்டிகள் வழி. அது இதமாக இருக்கும். ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் அதைச் செய்யவே கூடாது. சூடு தெரியாமல் வெந்து புண்ணாகிவிடும். வீக்கம், காய்ச்சல், மரமரப்பு இருந்தாலும், படுத்திருக்கும்போதும் வலித்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மற்றபடி, படத்தில் முள் தெரிகிறது என்பதற்காக மட்டும் யாரும் கத்திக்குப் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.