ஊசியும் எழுதுகோலும்

1938ஆம் ஆண்டில் நாகூரிலிருந்து ஒரு புதினம் வெளிவந்தது. பெயர் 'காதலா? கடமையா?' ஆக்கியோர் சித்தி ஜுனைதா பேகம். 1917இல் பிறந்த அவ்வம்மையார் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையிலேயே. இளமையிலேயே கணவரை இழந்து கைம்மை எய்தியவர். இத்தகையவர் இயற்றிய நூலைத் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் பாராட்டி எழுதினார் என்பதை நம்மவர் விழா மேடைகளில் மார்தட்டிச் சொல்வதுண்டு. சொல்லட்டும். ஆனால் கைம்பெண் ஒருவருக்கு, கோஷா முறை கடுமையாக இருந்த அக்காலத்தில், எழுதுவதற்குரிய பொழுதும் மனமும் எங்ஙனம் வாய்த்தன என்று அம்மேடைகளில் எவரும் கேட்பதில்லை. துன்பம் வந்தால் கலை தானே ஊற்றெடுக்கும் என்று ஒரு வாக்கியத்தில் முடித்து விடுகின்றனர்.

நமக்கு அதில் உடன்பாடில்லை. துன்பமுற்றோர் உலகில் கோடானு கோடி. அவர்களுள் எழுதினோர் எத்தனை பேர்? இடையில் வேறொன்று வேண்டியிருக்கிறது. அது யாதென்பதைத் தம் வாழ்வாலேயே காட்டிச் சென்ற ஒரு பெண்மணி அரபு இலக்கியத்தில் உண்டு.

கெய்ரோவில் 1840இல் பிறந்தவர் ஆயிஷா தைமூரிய்யா. தந்தையார் இஸ்மாயீல் தைமூர் பாஷா, அரசாங்கத்தில் உயர் பதவி வகித்தவர். செல்வ மகளுக்குப் பூத்தையல் கற்பிக்கத் தாயார் ஊசியும் நூலும் எடுத்து வைத்தார். சிறுமிக்கோ அதில் நாட்டமில்லை. தந்தையாரைக் காண வரும் புலவர்களின் உரையாடலைக் கேட்கவே மனம் ஓடிற்று. தாய்க்கும் மகளுக்கும் நாள்தோறும் பிணக்கு. இறுதியில் தந்தையார் குறுக்கிட்டு, இப்பெண்ணைத் தம் பொறுப்பில் விடுமாறு மனைவியிடம் கூறி, ஆசிரியர் இருவரை அமர்த்தினார். ஒருவர் குர்ஆனும் ஃபிக்ஹும் எழுத்துக் கலையும் போதித்தார். மற்றவர் பாரசீகமும் இலக்கணமும் பயிற்றினார். இவற்றைப் பிற்காலத்தில் தம் நூலொன்றின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

பதினான்காம் வயதில் திருமணம் நடந்தது. ஏடுகள் மூடப்பட்டன. மக்கட்பேறு, சமையற்கட்டு, விருந்தினர் என்று ஆண்டுகள் கழிந்தன. பின்னர்த் தந்தையும் கணவரும் அடுத்தடுத்து மறைந்தனர்.

இவ்விடத்தில்தான் மூத்த மகள் தவ்ஹீதா வருகிறாள். சாவிக் கொத்தை வாங்கிக் கொண்டு வீட்டு நிர்வாகம் முழுவதையும் அச்சிறு பெண் தன் தலையில் ஏற்றுக் கொண்டாள். தாய்க்குப் பொழுது கிடைத்தது. அந்தப் பொழுதில் ஆயிஷா, பாத்திமா அல்அஸ்ஹரிய்யா, ஸித்தீதா அத்தப்லாவிய்யா என்னும் இரு பெண் ஆசிரியர்களை வீட்டிற்கு அழைத்து அரபு யாப்பிலக்கணம் கற்றார். அந்நாளில் யாப்புக் கற்பிக்கும் தகுதி வாய்ந்த பெண்டிர் கெய்ரோவில் இருந்தனர் என்பதே நம்மில் பலருக்குச் செய்தியாக இருக்கலாம்!

அந்த மகள் பதினெட்டாம் வயதில் நோயுற்று இறந்தாள்.

துன்பமே கலையைத் தருமென்போர் இனிமேல் நடந்ததை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஏழாண்டுகள் ஆயிஷா துக்கம் காத்தார். மகளை எண்ணிப் பாடிய இரங்கற்பாக்களையன்றி வேறு கவிதை நாடவில்லை. அழுதழுது கண்கள் புண்ணாயின. அவ்விரங்கற்பாக்களே அவர் கவிதைகளுள் தலைசிறந்தவை என்பர் அரபு அறிஞர்; நாமும் மறுக்கவில்லை. ஆயினும் துயரம் அவரை அந்த அளவிலேயே நிறுத்தி வைத்தது. மீட்டெடுத்தவர் மகன் மஹ்மூது. அவர் தாயைத் தேற்றி, சிதறிக் கிடந்த பாடல்களைத் தேடித் தொகுக்கச் செய்தார். அத்தொகுப்பே 1880களில் அச்சேறிய 'ஹில்யத்துத் திராஸ்' என்னும் அரபுத் திவான். 'நதாயிஜுல் அஹ்வால்' என்னும் உரைநடைக் கதைநூலும் பின் தொடர்ந்தது. திராஸ் என்றால் ஆடைக்கரையில் இழைக்கும் பூவேலை. ஊசியைத் தள்ளிய சிறுமி தம் திவானுக்கு இட்ட பெயரைக் கண்டு நாம் வியந்ததுண்டு.

தந்தை மறைந்தபோது கைக்குழந்தையாக இருந்த தம்பி அஹ்மதையும் இவரே வளர்த்தார். 1871இல் பிறந்த அக்குழந்தைதான் பிற்காலத்தில் அஹ்மத் தைமூர் பாஷா என்று புகழ் பெற்ற பேரறிஞர். அவர் சேர்த்த நூலகம் இன்று எகிப்தின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அவருடைய மக்கள் முஹம்மதும் மஹ்மூதும் அரபுச் சிறுகதைக்கு முன்னோடிகள்.

தந்தை ஒருவர், மகள் ஒருத்தி, மகன் ஒருவர்: மூன்று முறையும் வீட்டார் ஒருவர் தம் தோளைக் கொடுத்த பிறகே அந்த எழுதுகோல் அசைந்திருக்கிறது.

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளில் தொழிற்சாலை வேலைகளை நம்பி வந்து குடியேறிய நம் குடும்பங்களில் சாவிக் கொத்தை வாங்கிக் கொள்ள நன்னியோ மூத்த மகளோ பெரும்பாலும் இல்லை. 2020இல் ஊரடங்கின்போது நம்மிடம் ஓதும் பெண்பிள்ளைகள் சிலர் அரபு எழுத்தணி பழகி, அழகழகாக வரைந்து காட்டினர். மகிழ்ந்தோம். அவர்களுடைய உம்மாமாருக்கோ அம்மாதங்களில் அடுப்பு வேலை முன்னிலும் மிகுதியாயிற்று. வேலையிழந்து வீட்டிலிருந்த ஆடவர் எத்தனை பேர் அகப்பையைக் கையில் வாங்கினர் என்பதை அவரவரே அறிவர்.

நாகூர் அம்மையாருக்கு வருவோம். முதல் நூலோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 'செண்பகவல்லி தேவி', 'மகிழம்பூ' முதலிய கதைகளையும் 'இஸ்லாமும் பெண்களும்' என்னும் உரைநடை நூலையும் எழுதி, 1998இல் மறைந்தார். அவர் மறைந்த பின்னும் அக்குடும்பத்தில் எழுத்து நின்றபாடில்லை.