கிட்டாரின் எடை: விமானச் சட்டம் ஓர் இசைக்கருவியைப் படித்த விதம்

சில மாதங்களுக்கு முன் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் புறப்பட்டபோது, பொதிகளை ஒப்படைக்கும் முகப்பில் என் கிட்டார்ப் பெட்டியின் கைப்பிடியில் ஒரு சீட்டைக் கட்டினார்கள். அதில் கையெழுத்திட்டால்தான் பெட்டியை ஏற்க முடியும் என்றார் அங்கிருந்த பணியாளர். பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததன் சாரம் இவ்வளவுதான்: பொருள் எளிதில் உடையக்கூடியது, உடைந்தால் நிறுவனம் பொறுப்பேற்காது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. கையெழுத்திட்டேன். போய் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது, கருவியின் கழுத்தும் தலைப்பகுதியும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

சட்ட வரலாறு படிப்பவனுக்கு இத்தகைய சீட்டும் ஓர் ஆவணமே. விரிசல் தந்த வருத்தம் ஒருபுறமிருக்க, இப்படி எழுதி வாங்கும் அதிகாரம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்தப் பயணம் முழுவதும் என்னை விடவில்லை. அதைத் தேடிச் சென்றபோது சேர்ந்த குறிப்புகளே இப்பதிவு. சற்று நீளமானது, நண்பர்கள் பொறுத்தருள்க.

தேடல் 1929 அக்டோபர் 12-இல் போய் நிற்கிறது. அன்று வார்சாவில் கையெழுத்தான உடன்படிக்கைதான் பன்னாட்டு விமானப் பயணத்தில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதை முதன்முதலில் வரையறுத்தது. அதன் 22ஆம் பிரிவு, ஒப்படைத்த பொதிக்குக் கிலோ ஒன்றுக்கு 250 பிராங்கு என்று இழப்பீட்டு வரம்பு விதித்தது. இது கடைவீதியில் செல்லும் பிராங்கு அன்று, 65.5 மில்லிகிராம் எடையும் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் மாற்றும் கொண்ட தங்கத்தால் அளக்கப்பட்ட கணக்குப் பிராங்கு. பயணி தன் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளும் பொருள்களுக்கு மொத்தமாக 5,000 பிராங்கு. பிரிட்டிஷ் இந்தியா இந்த விதிகளை 1934ஆம் ஆண்டின் விமானவழிப் போக்குவரத்துச் சட்டத்தால் ஏற்றது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்புதான் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளோடு புஸ் மாத் விமானத்தில் பறந்திருந்தார். அதில் ஒரு கிட்டாரை ஏற்ற வேண்டியிருந்தால் அஞ்சல் பை ஒன்றை இறக்கியிருக்க வேண்டும். விதி வந்துவிட்டது, விதிக்கு உரிய பயணி இன்னும் வரவில்லை.

எடைக்கு இழப்பீடு என்பது சரக்குப் போக்குவரத்தின் தருக்கம். நிலக்கரிக்கும் கோதுமைக்கும் அது பொருந்தும். கிட்டாருக்கு என்ன ஆகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். நல்ல மரக் கிட்டார் ஒன்றின் எடை ஏறத்தாழ 2 கிலோ. அதைக் காக்கும் கெட்டிப் பெட்டி 4 அல்லது 5 கிலோ. பிற்காலப் பயணச்சீட்டுகள் வார்சா வரம்பைக் கிலோவுக்கு 20 அமெரிக்க டாலர் என்று அச்சிட்டன. அதன்படி, இரண்டும் தூளாகிப் போனால் கிடைக்கும் 140 டாலரில் 100 டாலர் பெட்டிக்கு உரியது, 40 டாலர் கருவிக்கு. கருவியை இலேசாகச் செய்த கைவினைஞர் அதன் சட்ட மதிப்பைக் குறைத்தவர் ஆகிறார்!

ஆயினும் வார்சாவை வெறும் முதலாளிகளின் ஏற்பாடு என்று ஒதுக்கிவிடுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. இழப்பீட்டுக்கு வரம்பு கட்டிய அதே உடன்படிக்கை, தவறு நிறுவனத்துடையதே என்ற முன்னூகத்தையும் விதித்தது. பயணி எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, தன்மீது தவறில்லை என்று நிறுவனமே காட்ட வேண்டும். வரம்பு ஒரு கையில், முன்னூகம் மறு கையில். அந்தப் பேரம் குலையாதிருக்க 23ஆம் பிரிவு என்றொரு காவலும் வைக்கப்பட்டது: நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் எந்த ஒப்பந்த வாசகமும், உடன்படிக்கை வகுத்ததைவிடக் குறைந்த வரம்பைக் குறிக்கும் எந்த வாசகமும் செல்லாது. 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இதே காவல் 26ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இந்தியா 2009-இல் மாண்ட்ரியலில் இணைந்தது. அதற்கென 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாண்டே திருத்தப்பட்டது.

அப்படியானால் நான் கையெழுத்திட்ட சீட்டு? அதன் பலம் முழுவதும் மாண்ட்ரியலின் 17ஆம் பிரிவில் உள்ள ஒரு விலக்கில் அடங்கியிருக்கிறது. பொதியின் உள்ளார்ந்த குறை, தன்மை, பழுது ஆகியவற்றால் சேதம் நேர்ந்திருந்தால், அந்த அளவுக்கு நிறுவனம் பொறுப்பன்று. உடையக்கூடியது என்று பயணியே ஒப்புக்கொண்ட சீட்டு, இந்த விலக்குக்கு ஒரு சான்றாக நீட்டப்படலாம். அதற்கு மேல் அந்தத் தாளுக்கு வலுவில்லை என்பது என் வாசிப்பு. அது நீதிமன்றத்தை நோக்கி எழுதப்பட்டதன்று. கையெழுத்திட்டவர் இனிப் புகார் செய்ய வழியில்லை என்று தானே நம்பிக்கொண்டு வீடு திரும்புவதற்காக எழுதப்பட்டது.

உள்ளார்ந்த தன்மை என்ற சொல் கிட்டாரைப் பொறுத்தவரை எவ்வளவு வழுக்கலானது என்பதைக் கருவி பழுது பார்ப்பவர்களிடம் கேட்டால் தெரியும். ஆறு எஃகுத் தந்திகள் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ விசையோடு கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. தலைப்பகுதியில் உலோக முறுக்காணிகள்; வீணையில் பிருடை செய்யும் வேலையை இங்கு அவை செய்கின்றன. பெட்டி மல்லாந்து விழும்போது உடல் சட்டென்று நிற்க, கனத்த தலைப்பகுதி தன் வேகத்தில் பின்னோக்கிச் செல்ல முயல்கிறது. மரம் மெலிந்த அந்த இடத்தில் முறிவு. பெட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. வெளியே அடையாளம் இல்லாததால் உள்ளே நேர்ந்தது கருவியின் குறையே என்று வாதிட இடமும் கிடைத்துவிடுகிறது. (புறப்படுமுன் தந்திகளைத் தளர்த்தி, தலைப்பகுதிக்குக் கீழும் சுற்றியும் துணியை இறுக்கமாகத் திணித்து வைப்பது நல்லது. நான் முதலாவதைச் செய்தேன், இரண்டாவதை மறந்தேன்.)

உடன் எடுத்துச் சென்றால் என்ன என்று கேட்கலாம். இங்கே விமானத்தின் கட்டடக் கலை குறுக்கிடுகிறது. தொடக்கக் காலப் பயணிகள் விமானங்களில் தலைக்கு மேல் இருந்தவை தொப்பியும் மேலங்கியும் வைக்கும் திறந்த தட்டுகள். மூடி போட்ட பேழைகள் 1970-இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 747 போன்ற அகல விமானங்களோடு பரவின. கிட்டாரின் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். அது எந்தக் கைப்பொதி அளவுக்குள்ளும் வராது. ஆயினும் பேழைக்குள் படுக்கவைத்தால் பல விமானங்களில் அடங்கும். ஆகவே விதிப்படி மறுப்பு, நடைமுறையில் பணிப்பெண்ணின் இரக்கம் என்றே காலம் ஓடியது. 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் கைப்பொதிகளே தடைசெய்யப்பட்ட வாரங்களில் இசைக்கலைஞர்கள் பட்ட பாடு பெரிது. 2008-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒப்படைக்கும் முதல் பொதிக்கே கட்டணம் விதிக்க, பிற நிறுவனங்களும் பின்தொடர, எல்லாரும் பெட்டிகளை உள்ளே தூக்கி வரலாயினர், பேழைகள் நிரம்பின, இரக்கத்துக்கும் இடமில்லாமல் போயிற்று.

அதே 2008-இன் மார்ச் 31 அன்றுதான் கனடா நாட்டுப் பாடகர் டேவ் கேரல், ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒமாஹாவுக்கு யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் சென்றார். சிகாகோவில் பொதிகள் எறியப்படுவதைச் சக பயணி ஒருவர் கண்டார். கேரலின் டெய்லர் கிட்டார் உடைந்திருந்தது. செப்பனிட ஆன செலவு 1,200 டாலர். ஏறத்தாழ ஒன்பது மாத அலைச்சலுக்குப் பின் கிடைத்த பதில்: 24 மணி நேரத்துக்குள் முறைப்படி கோரவில்லை, ஆகவே இழப்பீடு இல்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய பன்னாட்டுப் பயணத்துக்குரிய மாண்ட்ரியல் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, சேதமுற்ற பொதிக்கான எழுத்துப் புகாருக்கு ஏழு நாள் தருகிறது. 24 மணி நேரம் என்பது நிறுவனத்தின் சொந்த விதி. கேரல் அந்த வழியில் செல்லாமல் பாட்டெழுதினார். 2009 ஜூலையில் யூடியூபில் ஏறிய அந்தப் பாடலைச் சில வாரங்களில் பல இலட்சம் பேர் பார்த்தனர் என்பது வணிகவியல் மாணவர்கள் எல்லாரும் அறிந்த கதை.

அவ்வகுப்புகளில் சொல்லப்படாத பகுதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2012 பிப்ரவரியில் அமெரிக்கா நிறைவேற்றிய விமானத் துறைச் சீர்திருத்தச் சட்டத்தின் 403ஆம் பிரிவு வயலினையும் கிட்டாரையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. பயணி ஏறும் நேரத்தில் பேழையில் இடமிருந்தால், பாதுகாப்பாக வைக்க முடிந்தால், தனிக் கட்டணமின்றி ஏற்றே ஆக வேண்டும். 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிகள், முதலில் வந்தவருக்கே இடம் என்பதைத் தெளிவாக்கின. ஒருமுறை முறைப்படி வைத்த கருவியை இன்னொருவர் பெட்டிக்காக இறக்கச் சொல்லலாகாது. இதைப் பாடலின் வெற்றியாகக் கொண்டாடுவது எளிது. ஆனால் 2001-க்குப் பிந்திய பாதுகாப்புக் கெடுபிடிகள் தொடங்கிய நாள்முதல் இதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கம். சங்கத்தின் மனுக்களை யாரும் காணொளியாகப் பார்ப்பதில்லை.

எடைப் பொருளாகவும் உடையும் பொருளாகவும் படிக்கப்பட்ட கிட்டார், இதற்கிடையே மரமாகவும் படிக்கப்பட்டது. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் அரிதாகிப் போனதால் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் வளரும் ஈட்டி மரம்தான் அது. தோதகத்தி என்றும் சொல்வோம். அன்றுமுதல் உலகின் எண்ணற்ற கிட்டார்களின் முதுகும் விலாவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். பிரேசில் மரம் 1992-இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் ஏற, 2017 ஜனவரி 2 முதல் அந்தப் பேரினம் முழுவதுமே, ஈட்டி உட்பட, இரண்டாம் பட்டியலுக்கு வந்தது. வணிக நோக்கமின்றிக் கொண்டுசெல்லும் 10 கிலோ வரையிலான மரத்துக்கு விலக்கு இருந்தது. எனவே தனிப் பயணியின் ஒரு கிட்டார் தப்பியது. ஆனாலும் தன் கருவியின் மரம் எது, எந்த ஆண்டு வெட்டியது என்று கலைஞர்கள் பயத்தோடு விசாரித்துத் திரிந்த காலம் அது. 2019 நவம்பர் 26 முதல் இந்த இரண்டாம் பட்டியல் மரங்களால் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகள் விலக்கப்பட்டன. அழிந்தது காடு, அதைக் காக்க வந்த விதி முதலில் மறித்தது மரத் தரகரைப் போலவே தோளில் கருவி மாட்டியவரையும்தான்.

இந்திய விதிகளில் இசைக்கருவி என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடினேன். 2021 பிப்ரவரியில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வெளியிட்ட சுற்றறிக்கையில் அகப்பட்டது. விருப்பமான இருக்கை, உணவு, விளையாட்டுச் சாதனங்கள் ஆகியவற்றோடு, தனிக் கட்டணம் வசூலிக்கத்தக்க சேவையாக இசைக்கருவியும் வரிசையில் நிற்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் உரிமையின் வாக்கியத்தில் நுழைந்த கருவி, இங்கே கட்டணப் பட்டியலில் நுழைந்திருக்கிறது. உள்நாட்டுப் பயணத்தில் பொதிக்கான இழப்பீட்டு வரம்பு, 2014-இல் அறிவிக்கப்பட்டபடி, பயணி ஒருவருக்கு 20,000 ரூபாய். பன்னாட்டுப் பயணத்தில் மாண்ட்ரியல் எடைக் கணக்கையே கைவிட்டு, பயணி ஒருவருக்கு 1,000 சிறப்பு எடுப்புரிமை என்று தொடங்கியது. 2024 டிசம்பர் முதல் அது 1,519, அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் இலட்சம் ரூபாய். 2014 ஜூனில் லண்டனிலிருந்து தில்லி திரும்பும் வழியில் அம்ஜத் அலி கானின் சரோத் தொலைந்து, சில நாள் கழித்துக் கிடைத்தது. நாற்பதாண்டுகளுக்கும் மேல் அவர் கையில் இருந்த கருவி. கிடைக்காமல் போயிருந்தால் வரம்பு அதற்கும் ஒன்றுதான், உடைமாற்றுத் துணி வைத்த பெட்டிக்கும் ஒன்றுதான்.

அந்த வரம்பை உயர்த்த ஒரு கதவு 1929 முதல் திறந்தே இருக்கிறது. பொதியை ஒப்படைக்கும்போது பயணி அதன் மதிப்பைத் தனியாக அறிவித்து, கேட்டால் கூடுதல் தொகையும் கட்டினால், வரம்பு அறிவித்த தொகைக்கு உயரும். வார்சாவின் 22ஆம் பிரிவிலும் இருந்தது, மாண்ட்ரியலின் 22ஆம் பிரிவிலும் இருக்கிறது. நான் சொன்ன 2021 சுற்றறிக்கையின் பட்டியலிலும் இசைக்கருவிக்கு அருகிலேயே இதற்கான கட்டணம் இருக்கிறது. திரும்பி வரும்போது கேட்டேன். முகப்பில் இருந்த இளைஞர் அப்படியொன்றைக் கேள்விப்பட்டதில்லை. மேலாளரை அழைத்தார். அவர் யாரிடமோ தொலைபேசியில் பேசினார். இருபது நிமிடம் கழித்து, ஓரம் மடங்கிய ஒரு படிவம் வந்தது. மதிப்பு என்ற கட்டத்தில் தொகையை எழுதினேன். பொருளின் விவரம் என்ற கட்டத்தில் இளைஞர் பேனாவை வைத்தபடி, "எடை எவ்வளவு சார்?" என்று கேட்டார்.