கொள்கை தெரியாதவர் கிறிஸ்தவரா? முத்துக்குளித்துறை வரலாறு சொல்லும் பதில்

ராமேஸ்வரம் தீவில் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையில் உள்ள ஊர் அக்காள்மடம். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் ஒரே கடலை நம்பிப் பிழைக்கும் பகுதி இது. இப்படிப்பட்ட ஊர்களில் மார்க்கம் பற்றிய பேச்சு வரும்போது நம் இளைஞர்கள் சிலர் ஒரு கேள்வியை எழுப்புவதுண்டு: "திரித்துவம் என்றால் என்னவென்று கேட்டால் அவருக்கே விளக்கத் தெரியவில்லை. அப்புறம் அவர் எப்படிக் கிறிஸ்தவர்?"

கேள்வி எளிமையானதுதான். ஆனால் இதே கடற்கரையில் ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்கு முன்பே இது எழுந்துவிட்டது. அன்று இதைக் கேட்டவர் முஸ்லிம் அல்லர், ஒரு கிறிஸ்தவப் பாதிரியார்.

அடிப்படைக் கொள்கைகள் எவை?

கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், லுத்தரன் சபையினர் எனப் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் பொதுவாக ஏற்பவை நான்கு. ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாக இருக்கிறார் என்ற திரித்துவம். இயேசு கடவுளாகவும் மனிதராகவும் இருந்தார் என்பது. மனிதரின் பாவங்களுக்காக அவர் சிலுவையில் மரித்தார் என்பது. மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது. இவற்றின் சுருக்கமே 'விசுவாசப் பிரமாணம்'. கத்தோலிக்கர் இதை 'நம்பிக்கை அறிக்கை' என்றும் சொல்வர்.

இந்தச் சுருக்கம் விவாதத்தில் பிறந்தது. மகன் படைக்கப்பட்டவரே என்று அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் போதித்தார். அதை மறுத்து கி.பி. 325இல் நிசேயா மாநாடு தீர்மானம் செய்தது. 381இல் கான்ஸ்டான்டிநோபிள் மாநாடு அதை விரிவாக்கியது. ஆகவே பிரமாணத்தின் முதல் வேலை சபையின் எல்லையை வரையறுப்பது. சாதாரண மனிதருக்குத் தேர்வு வைக்க அது எழுதப்படவில்லை.

முதலில் ஞானஸ்நானம், பிறகு கொள்கை

1530களில் முத்துக்குளிக்கும் உரிமை தொடர்பாகப் பரதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கடும் மோதல் மூண்டது. போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிப் பரதவர் தலைவர்கள் கொச்சி சென்றனர். அதைத் தொடர்ந்து 1536, 1537ஆம் ஆண்டுகளில் கடலோர ஊர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 பேர் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அவர்களுக்குத் தமிழில் போதிக்க அப்போது ஆளில்லை.

1538இல் பாம்பன் கால்வாய்க்கு மறுகரையில், மண்டபத்தை அடுத்த வேதாளையில் நடந்த சண்டையில் மரக்காயர்களின் கப்பற்படையைப் போர்ச்சுக்கீசியர் தோற்கடித்தனர். பரதவர்கள் கிறிஸ்தவர்களானதில் அரசியலும் பிழைப்பும் கலந்திருந்தன என்பதைக் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

தமிழகக் கிறிஸ்தவர்கள் சவேரியார் என்று அழைக்கும் பிரான்சிஸ் சேவியர் 1542இல் இங்கு வந்தார். நீங்கள் யார், என்ன நம்புகிறீர்கள் என்று மக்களிடம் கேட்டார். கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் சொல்ல முடியவில்லை என்று அவரே தம் கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார்.

அவர் செய்த முடிவைக் கவனிக்க வேண்டும். "இவர்கள் கிறிஸ்தவர்களே அல்லர்" என்று அவர் தள்ளிவிடவில்லை. மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கவுமில்லை. "பெயர் இருந்தால் போதும்" என்று விட்டுவிடவும் இல்லை. தமிழும் போர்ச்சுக்கீசியமும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் ஜெபங்களையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணி அடித்தபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பெரும் பிழை இருந்தது. 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் இருந்தது. 1544இல் உடன் பணியாற்றிய மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில், அதை 'விசுவாசம்' என்று மாற்றிச் சொல்லுமாறு சேவியர் திருத்தினார். அதுவரை அந்த மக்கள் கடவுளை நம்புவதாக அல்ல, கடவுள் வேண்டும் என்றே ஓதியிருக்கிறார்கள். அப்போதும் அவர்களைக் கிறிஸ்தவர்களாகவே சபை கணக்கிட்டது.

அவர்களில் பலர் அந்தப் பெயருக்காக விலையும் கொடுத்தார்கள். 1549இல் வேதாளையை வடுகர் படை தாக்கியபோது, மக்களைப் படகேற்றிக் காப்பாற்ற முயன்ற இத்தாலியப் பாதிரியார் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். பின்னர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் தமிழைக் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலை அச்சிட்டார். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையது இதுவே. அதன் பொருளே கிறிஸ்தவ அடிப்படைக் கொள்கைதான். ஞானஸ்நானம் பெற்ற மக்களுக்குக் கொள்கையைக் கொண்டுசேர்க்க 40 ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

அறியாமை வேறு, மறுப்பு வேறு

இந்த வரலாற்றிலிருந்து ஒரு வேறுபாடு தெளிவாகிறது. கொள்கையை அறியாதவரைச் சபை உறுப்பினராகவே வைத்துக் கற்பிக்கிறது. கொள்கையை அறிந்து மறுப்பவரின் நிலை வேறு.

கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையினரும் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். குழந்தைக்குத் திரித்துவம் தெரியாது. அதன் சார்பில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் நம்பிக்கையை அறிக்கையிடுகிறார்கள். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகள் இதை ஏற்பதில்லை. அறிந்து அறிக்கையிட்டவருக்கே ஞானஸ்நானம் என்பது அவர்கள் நிலை. இரட்சணிய சேனையோ ஞானஸ்நானமே கொடுப்பதில்லை, ஆனால் திரித்துவத்தை ஏற்கிறது.

மறுப்பவர்களுக்கும் தமிழகத்தில் உதாரணம் உண்டு. வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் 1795இல் சென்னையில் திரித்துவத்தை மறுக்கும் யூனிட்டேரியன் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். அவர் தம்மைக் கிறிஸ்தவர் என்றே சொன்னார். இன்றைய யெகோவாவின் சாட்சிகளும் திரித்துவத்தை மறுத்துக்கொண்டே தங்களைக் கிறிஸ்தவர்கள் என்கிறார்கள். பிற சபைகள் இதை ஒப்புவதில்லை. உலகத் திருச்சபைகள் மன்றம் 1961இல் டெல்லியில் கூடியபோது, தந்தை, மகன், தூய ஆவி என்ற சொற்களைத் தன் அடிப்படை வாசகத்திலேயே சேர்த்தது. மோர்மன் சபையின் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001இல் வத்திக்கான் அறிவித்தது. அவர்கள் உச்சரிக்கும் வார்த்தைகள் ஒன்றாக இருந்தாலும், திரித்துவம் பற்றிய அவர்களின் கருத்து வேறு என்பதே காரணம்.

சட்டத்தின் அளவுகோல் இன்னொன்று. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், கிறிஸ்தவ மதத்தைச் சார்ந்திருப்பதாகச் சொல்பவரையே கிறிஸ்தவர் என்கிறது. கொள்கைத் தேர்வு வைப்பதில்லை. தேசிய கீதம் பாட மறுத்த கேரளத்து யெகோவாவின் சாட்சி மாணவர்கள் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், அந்த நம்பிக்கை சரியா என்று ஆராயாமல் அது உளப்பூர்வமானதா என்றே பார்த்தது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், அவர் ஞானஸ்நானம் பெற்றதையும் தேவாலயத்துக்குச் சென்று வருவதையும் வைத்தே அவரைக் கிறிஸ்தவராகக் கருதியது.

நம் முன்னோர் பார்த்த விதம்

இதே கேள்வி ஸஹாபாக்கள் காலத்திலும் எழுந்திருக்கிறது. பனூ தக்லிப் என்ற அரபுக் குலத்தார் பெயரளவில் கிறிஸ்தவர்கள். மது அருந்துவதைத் தவிர அந்த மதத்தில் எதையும் அவர்கள் பற்றிப்பிடிக்கவில்லை என்று சொல்லி, அவர்கள் அறுத்ததை உண்பதை அலீ (ரலி) தடுத்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களோ, எந்தச் சமூகத்தைச் சார்ந்து நிற்கிறார்களோ அவர்களையே சேர்ந்தவர்கள் என்ற அடிப்படையில் அனுமதித்தார்கள். ஒருவர் கொள்கையையும் நடைமுறையையும் பார்த்தார். மற்றவர் சார்பைப் பார்த்தார். பிந்தைய ஃபிக்ஹு அறிஞர்களிடமும் இவ்விரு கருத்துகளும் தொடர்ந்தன.

திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தையும் எண்ணிப் பார்க்கலாம். மூவரில் ஒருவர் என்ற கூற்றை வன்மையாக மறுக்கும் வசனம் (5:73) அதில் இருக்கிறது. வேதம் கொடுக்கப்பட்டோரின் உணவையும், அவர்களின் ஒழுக்கமுள்ள பெண்களை மணப்பதையும் அனுமதிக்கும் வசனமும் (5:5) அதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது. கொள்கையை மறுப்பதும் மனிதருடன் உறவு பேணுவதும் ஒன்றுக்கொன்று தடையாகவில்லை.

பேசும்போது கவனிக்க வேண்டியது

கிறிஸ்தவத்துக்கு அடிப்படைக் கொள்கைகள் அவசியமா என்றால், சபையின் பார்வையில் அவசியமே. அவற்றை நீக்கிய கிறிஸ்தவத்தைப் பெரும்பாலான சபைகள் ஒப்புக்கொள்ளாது. ஆனால் ஒரு தனிமனிதர் கிறிஸ்தவராக இருக்க அவற்றை விளக்கத் தெரிந்திருக்க வேண்டுமா என்றால், அவசியமில்லை என்பதே அச்சபைகளின் நடைமுறை.

ஆகவே பக்கத்து வீட்டு மீனவர் திரித்துவத்தை விளக்கத் தடுமாறுவதை வைத்து "கிறிஸ்தவர்களே இதை நம்புவதில்லை" என்று மேடையில் பேசுவது நேர்மையான வாதமாகாது. ஈமானின் ஆறு அம்சங்களை வரிசையாகச் சொல்லத் தெரியாத நம் சகோதரர் ஒருவரை வைத்து இஸ்லாத்தை யாராவது எடைபோட்டால் நாம் ஏற்போமா? ஏற்க மாட்டோம். அவரை உட்காரவைத்துக் கற்றுக்கொடுப்போம். ஒரு மதத்தின் கொள்கையை அறிய அதன் பிரமாணத்தைப் படிக்க வேண்டும். அறிந்தவர்களிடம் கேட்க வேண்டும். கருத்து வேறுபாட்டை அதற்குப் பிறகு தெளிவாகவே சொல்லலாம்.