மருந்தையும் காப்பாற்ற வேண்டும்

பொன்விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் போன் செய்தபோது, "ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அதை நாலு பேர் எழுதியாச்சு. நீ உருப்படியா ஏதாவது எழுதுப்பா" என்றார். ஆகவே நண்பர்களே, நாம் காசநோய் வார்டில் பாடமாகக் கேட்ட பழைய வரலாறு ஒன்றை எழுதுகிறேன்.

1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். பிரிட்டனில் 107 காசநோயாளிகளிடம் அதைச் சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில், ஊசி போட்டுக்கொண்ட 55 பேரில் இறந்தவர் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். ஆனால் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், இறந்தவர் கணக்கு 32, 35 என்று கிட்டத்தட்ட சமமாகிவிட்டது!

காரணம் நமக்குத் தெரிந்ததே. நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான கிருமிகளில் ஒரு சில, இயல்பிலேயே மருந்துக்கு மசியாதவை. ஒரே மருந்து கொடுத்தால் மற்றவை சாகும், இவை பெருகும். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்குத் தப்பியதை மற்றது பிடித்துக்கொள்ளும். பி.ஏ.எஸ். மருந்தைச் சேர்த்து 1950-இல் இதை நிரூபித்தார்கள்.

அடுத்த அத்தியாயம் நம் சென்னையில். 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. நெரிசலான வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும், சானடோரியத்தில் சேர்ந்தவரைப் போலவே பெரும்பாலும் குணமாகலாம் என்று 1959-இல் அது உலகுக்குக் காட்டியது. ஆனால் உடம்பு தேறியதும் மாத்திரையை விட்டுவிடுகிறார்களே! சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பிறகு கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையையும் சோதித்தார்கள். 1997-இல் தேசியத் திட்டத்தில் வந்த 'டாட்ஸ்' முறைக்கு இதுவும் ஒரு வேர்.

இவ்வளவும் படித்த நான் என்ன செய்தேன்? எண்பதுகளில் என்னிடம் ஒரு தறிக்காரர் வந்தார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. "இப்ப நல்லா இருக்கேன் டாக்டரய்யா" என்று போனவர், அடுத்த வருடம் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். பழைய மாத்திரைகள் கேட்கவில்லை. சளியைச் சோதனைக்கு அனுப்பாமல், அதே மாத்திரைகளோடு ரிஃபாம்பிசினை மட்டும் சேர்த்தேன். 1948-இல் நடந்த தவறு அதேதான்! கொஞ்ச நாள் தேறினார். பிறகு அதுவும் பலிக்கவில்லை. "இதைவிட நல்ல மருந்து இல்லீங்களா?" என்று அவர் மனைவி கேட்டார். இருந்த நல்ல மருந்தை வீணாக்கியவனே நான்தான் என்று அந்த அம்மாளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பிழைக்கவில்லை.

பெனிசிலினைக் குறைந்த அளவில் சாப்பிட்டால் கிருமி பழகிக்கொள்ளும் என்று ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார். சில ஆன்டிபயாடிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் விற்றால் மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி, நம் நாட்டில் 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நம்மில் பலர் ஓய்வு பெற்றாயிற்று. ஆனாலும் போன் வருகிறதே! "மாமா, குழந்தைக்குச் சளி. போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் இருக்கு, குடுக்கட்டுமா?" போன வாரம்கூட என் மருமகள் கேட்டாள். சாதாரணச் சளி வைரஸால் வருவது, அதற்கு அந்த மருந்து வேலை செய்யாது என்று பொறுமையாகச் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்கு நிஜமாகவே நிமோனியா வரும் நாளில் அந்த மருந்து பலிக்க வேண்டாமா?